விருதுப் பட்டியலை விடுங்கள், ரீச்சர்

ரீச்சர், உங்கள் தரம் பத்துப் பிள்ளை வாணி விழாவில் ‘கலையில் சாதித்த பெண்கள்’ என்று எட்டு நிமிடம் பேசப்போகிறாள், யார் யாரைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டீர்கள்: கையில் இருக்கிற தாளில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் பத்மபூஷணும்தான் இருக்கின்றன, இவர்கள் எங்களுக்கு உண்மையில் விட்டுப்போனது என்ன, திருகோணமலைப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன தொடுப்பு என்று. முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். இரண்டாவதுதான் இவ்வளவு நீளத்துக்கு எழுத வைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் சங்கீதம் படிப்பித்தவள் நான். கொஞ்சம் அலட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விருதுப் பட்டியலைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். பிள்ளை அதை ஒப்புவிக்கும், சபை கைதட்டும், பிறகு எல்லாரும் கச்சான் வாங்கப் போய்விடுவார்கள். வேண்டுமென்றால் ஒரேயொரு ஆண்டை வைத்துக்கொள்ளுங்கள்: 1968. சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது 1928 இல். அதன் சங்கீத கலாநிதிப் பட்டம் ஒரு பெண்ணின் கைக்கு வர நாற்பது வருடம் எடுத்தது. வாங்கியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. அதற்குள் வீணை தனம்மாள் 1938 இலேயே காலமாகிவிட்டார், பெங்களூர் நாகரத்னம்மாள் 1952 இல் போய்விட்டார். பட்டியலை வைத்துப் பேசினால் இவர்கள் இரண்டு பேரும் பேச்சுக்குள்ளேயே வரமாட்டார்கள். என்னைக் கேட்டால் இவர்களில்தான் தொடங்க வேண்டும்.

தை மாதத்தில் நாங்கள் இங்கே தியாகராஜர் ஆராதனை வைத்தால், அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னம் பாட உட்காரும்போது முன்வரிசை முழுக்கப் பெண் பிள்ளைகள்தான். ‘எந்தரோ மகானுபாவுலு’வை எடுத்தவுடன் கடைசி வரிசையில் இருக்கிற நாலைந்து ஆண்குரல் கேட்காமலே போய்விடும். ஒரு முறை நான் பிள்ளைகளிடம் கேட்டேன்: திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி கட்டியது யார்? ராஜா என்றது ஒன்று. அவருடைய சீடர்கள் என்றது இன்னொன்று. ஒரு தேவதாசிப் பெண் என்று நான் சொன்னபோது வகுப்பு அப்படியே அடங்கிப்போனது.

நாகரத்னம்மாள் 1878 இல் பிறந்தவர். மைசூரிலும் பெங்களூரிலும் பாடிப் பேர் எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். பணம், நகை, வீடு எல்லாம் பாட்டில் சம்பாதித்தவை. தியாகராஜரின் சமாதி காவிரிக் கரையில் புதர் மண்டிக் கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் கிடைத்ததும், இருந்ததை விற்று அந்த நிலத்தை வாங்கி 1920களில் கோயில் கட்டினார். கட்டி முடித்த பிறகு நடந்ததுதான் கதை. அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்களுக்கு இரண்டு கோஷ்டி இருந்தது, இரண்டிலும் பெண்ணுக்கு இடமில்லை. தன் காசில் கட்டிய கோயிலில் தானே வாய் திறக்க முடியாது! அவர் அழுதுகொண்டு இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு பின்பக்கமாகத் தனி ஆராதனை தொடங்கினார். அதற்குப் பெண்கள் கட்சி என்றே பெயர் விழுந்தது. 1940களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றானபோதுதான் பெண் குரல் அந்தச் சந்நிதிக்குள் போனது. இன்று அவருடைய சமாதியும் அங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறது.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி என்று ஒரு தாசி இருந்தார், தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியம் பாடியவர். பிறகு வந்த அச்சுப் பதிப்பில், தன் பாட்டியிலிருந்து தொடங்கித் தன்னுடைய வழியை முத்துப்பழனி சொல்லிக்கொள்கிற முன்பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். பாட்டு வேண்டும், பாடியவளின் குலம் வேண்டாம். நாகரத்னம்மாள் பழைய பிரதியைத் தேடிப் பிடித்து, விட்டதையெல்லாம் சேர்த்து 1910 இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. அந்தத் தடை 1947 இல்தான் நீங்கியது. நூறு வருடத்துக்கு மேல் முந்திய ஒரு பெண்ணின் பெயரை இன்னொரு பெண் கிணற்றிலிருந்து வாளி தூக்குவதுபோலத் தூக்கி எடுத்திருக்கிறாள். நீங்கள் கேட்ட ‘விட்டுப்போனது என்ன’ என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்: இவர்கள் விட்டுப்போனதில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது, அடுத்து ஒருத்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டது மட்டும்தான். யாரும் வாங்காதது போய்விட்டது.

தனம்மாளைப் பாருங்கள். சென்னை ஜார்ஜ்டவுனில் அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலையில் வீணை வாசிப்பார். மைக் இல்லை, மேடை இல்லை. வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். முதுமையில் எடுத்த சில இசைத்தட்டுகளை விட்டால் அந்த வாசிப்பு எதிலும் பதிவாகவில்லை. ஆனால் அவரிடமிருந்த பதங்களும் ஜாவளிகளும், எல்லாம் காதல் பாட்டுகள், பேத்திமார் பிருந்தா, முக்தா தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. மேடையில் பெரிய பேர் எடுத்த வித்துவான்கள்கூடப் பதம் வேண்டுமென்றால் பிருந்தாவிடம்தான் போய் உட்கார்ந்தார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி.

பாலாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், ஆகையால் ஒரு பாட்டை மட்டும் சொல்கிறேன். 1918 இல் பிறந்து ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர், கந்தப்பா நட்டுவனாரின் மாணவி என்பதெல்லாம் உங்கள் தாளிலேயே இருக்கும். ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வை எடுங்கள். கிருஷ்ணா, சீக்கிரம் வா என்பதுதான் பல்லவி, கன்னடம். வா என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவர் எத்தனை கை வைத்திருந்தார் என்று எண்ண முடியாது. ஒரு முறை தாய் கூப்பிடுகிறாள், விரல்கள் மடங்கி மடங்கி வருகின்றன. அடுத்த முறை பிள்ளை வரவில்லை, கூப்பிட்ட கை பாதியில் நின்றுவிடுகிறது, கண் மட்டும் கூப்பிடுகிறது. அடுத்து வெண்ணெய் காட்டி ஆசை காட்டுகிறாள். பாட்டு அதே வரியில் நிற்க, அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக நிற்கிறாள். சத்யஜித் ராய் 1976 இல் எடுத்த ஆவணப்படத்தில் இந்தப் பாட்டைக் கடற்கரையில் ஆட வைத்திருக்கிறார். காற்று சேலைத்தலைப்பை இழுக்கிறது, அலை தன் பாட்டுக்கு வருகிறது. நான் முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் ஊர் டச்சுக்குடாக் கடற்கரையில் நின்று யாரோ மகனைக் கரைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டி, உடம்பும் பெருத்திருந்தது. பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாம் நிமிடம் சிரிப்பு நின்றுவிடும். இது நான் பல வகுப்புகளில் கண்டது.

அவருக்கும் ருக்மிணி தேவி அருண்டேலுக்கும் இருந்த வாக்குவாதத்தைப் பிள்ளை கட்டாயம் தொட வேண்டும். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார், 1936 இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, குறைத்து, பக்தியை முன்னே வைத்து, உடையையும் மேடையையும் மாற்றி, குடும்பப் பெண்கள் ஆடலாம் என்ற நிலைக்குச் சதிரை, அதுதான் இன்றைய பரதம், கொண்டுவந்தார். சிருங்காரத்தில் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை, அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று பாலா கடைசிவரை நின்றார். 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஆடிய வீடுகளுக்கே ஆட்டம் இல்லாமல் போனது.

பரதத்தை ருக்மிணி தேவி ‘மீட்டார்’ என்று மேடைகளில் சொல்வார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. யாரிடமிருந்து மீட்டார்? தனம்மாள் வீட்டிலிருந்தா? ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடவுகளை, ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளை, வரிசைப்படுத்தி, நாலு வருடம் இருந்து படித்தால் ஒரு பட்டயம் என்று அவர் ஒழுங்கு செய்யாவிட்டால், இலங்கையிலிருந்து கப்பலேறிப் போய்ப் படித்த பெண்கள் திரும்பி வந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வகுப்பு வைத்திருக்க முடியாது. எங்கள் ஊர் உவர்மலையில் ஒரு கிளாக்கரின் மகள் சலங்கை கட்டுவதற்கும் வழி இருந்திருக்காது. உங்கள் பிள்ளை தட்டடவு போடும்போது அரைமண்டியில் முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிகிறதே, அதில் அடையாறு இருக்கிறது. பதத்துக்குக் கண் கலங்கினால் அது தனம்மாள் வீட்டிலிருந்து வந்தது. இரண்டையும் சொல்லட்டும், யார் சரி என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. (ஒரு துணுக்கு: 1977 இல் இந்திய ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டபோது வேண்டாம் என்றவர் ருக்மிணி தேவி. சபைக்குப் பிடிக்கும்.)

பாடகி டி.கே. பட்டம்மாளை விட்டுவிடாதீர்கள். பிராமண வீட்டுப் பெண் மேடையேறுவதே அந்தக் காலத்தில் பேச்சுக்கு இடமாயிருந்தது. கச்சேரியில் விரித்துப் பாடுகிற ராகம் தானம் பல்லவி ஆண்களுடையது, அதன் தாளக் கணக்குப் பெண்ணுக்கு வராது என்று வேறு சொல்லி வைத்திருந்தார்கள். அவர் பாடிக் காட்டிய பல்லவிகளுக்குப் பிறகு ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பேராகிவிட்டது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் அவருக்கு மிருதங்கம் வாசித்தார். பிற்பாடு சம்பந்தியும் ஆனார்.

எம்.எஸ். பற்றி எல்லாரும் சொல்வதையே சொல்ல வேண்டாம். அவர் 1974 இல் வாங்கிய மகசேசே விருது பொதுச்சேவைக்காகக் கொடுத்தது. கச்சேரி கச்சேரியாகப் பாடிச் சேர்ந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தவர். அது ஒரு வரி போதும். மற்றபடி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் வைக்கிறார்களே, அந்தக் குரல் யாருடையது என்று சபையைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, எங்கள் பக்கம்.

கே.பி. சுந்தராம்பாளுக்கும் இலங்கைக்கும் நெருங்கிய உறவு. நாடகக் கம்பனிகள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடிய காலம் அது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவரும் மேடையில் சேர்ந்தது கொழும்பில்தான். 1933 இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலைக்கு மாறினார், வேறு ஆணோடு ஜோடியாக நடிக்கவே இல்லை. ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபா வாங்கினார், அதுவும் நந்தனாராக, ஆண் வேடத்தில். பிறகு ‘ஔவையார்’, இடையில் சென்னை மேலவை உறுப்பினர். அந்த வெள்ளைச் சேலையைத் தியாகம் என்று மேடையில் புகழ்கிறார்கள். எனக்கு அதைப் புகழ மனம் வராது. அந்தத் தொண்டையைப் புகழ்கிறேன்.

இன்னொரு ருக்மணி தேவி இருக்கிறார். சிங்களத் திரையின் முதல் ராணி, 1947 இல் வந்த முதல் சிங்களப் பேசும்படத்தின் நாயகி. அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். ‘ராசம்மா’ என்று வாசித்தவுடன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் பாருங்கள். 1978 இல் வீதி விபத்தில் இறந்தார். அவருடைய பாட்டுகள் சிங்கள வீடுகளில் இன்னும் ஒலிக்கின்றன. வானொலிக்குப் போனால் ராஜேஸ்வரி சண்முகம், 2012 இல் மறைந்தவர். நாடகத்துக்கும் அறிவிப்புக்கும் அந்தக் குரலைத்தான் என் வயதுப் பெண்கள் அடுப்படியில் வைத்துக் கேட்டோம். அவர் சொல்லும் ழகரத்தைக் கேட்டு என் அம்மா எங்களைத் திருத்துவா.

எழுத்தும் கலைதானே. யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை வெளியிட்டது 1914 இல். எங்கள் ஊருக்கு வந்தால், பெண்களைப் படிக்க விடுங்கள், சுதந்திரமாக இருக்க விடுங்கள் என்று ‘தத்தை விடு தூது’ எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். ஆண் என்றாலும் பேச்சில் ஒரு வரி கொடுக்கலாம், அது 1892. பிறகு 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்களுக்கென்றே இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார், இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அதற்கு அடுத்த தலைமுறையில் ந. பாலேஸ்வரி. ஆசிரியை, எங்கள் ஊரிலேயே இருந்து ‘சுடர்விளக்கு’, ‘பூஜைக்கு வந்த மலர்’ என்று நாவல் நாவலாக எழுதியவர், 2014 இல் காலமானார். குடும்பக் கதைகள்தானே என்று உதட்டைப் பிதுக்கிய விமர்சகர்கள் உண்டு. அந்தப் புத்தகங்கள் வாசிகசாலையில் அட்டை கிழிந்து, மட்டை போட்டு, மறுபடி கிழிந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். கிழியும்வரை வாசித்தவர்கள் பெண்கள். பிள்ளையைப் பொதுநூலகத்துக்கு அனுப்பி, ஒன்றை எடுத்து முதல் பத்துப் பக்கமாவது வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் பெயரை மட்டும் மேடையில் சொல்ல விடாதீர்கள்.

கவிஞர் சிவரமணி பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து வயது. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் எழுதியவர். 1991 மே மாதம், இருபத்திரண்டு வயதில், கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை முடித்துக்கொண்டார். நண்பர்களிடமும் இதழ்களிலும் இருந்தவைதான் இன்று எங்களிடம் இருக்கின்றன. முடிவை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் வாசித்தாலும் சரிதான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. என் குரு சென்னையில் படித்து, இங்கே கலியாணம் முடித்து வந்தவ. பேர் எடுக்கவில்லை, இசைத்தட்டு இல்லை, பேப்பரில் படம் வந்ததில்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் பண்ணியே காலம் போனது. அவவிடம் இருந்தது ஏழு கொப்பி, அதில் இரண்டு முழுக்கப் பதங்கள். கடலுக்குக் கிட்ட வீடு. அவ இறந்த பிறகு கொப்பிகள் மகளின் அலுமாரியில் கிடந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் தேதி கடல் வீட்டுக்குள் வந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, அதுவே பெரிய புண்ணியம். நாலைந்து நாள் கழித்துச் சேற்றுக்குள்ளிருந்து கொப்பிகளை எடுத்தோம். விறாந்தையில் சாக்கு விரித்து, ஒவ்வொரு தாளாகக் கத்தி முனையால் பிரித்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்துக் காயப்போட்டோம்.

காய்ந்த பிறகு பார்த்தால், அவ சாகித்தியத்தை, பாட்டின் சொல்லை, பேனை மையில் எழுதியிருந்தா, ஸ்வரத்தையும் கமகக் குறிகளையும் பென்சிலில். பிழை வந்தால் அழித்துத் திருத்த வேண்டும் என்று அப்படிச் செய்வா. மை முழுக்க உப்புத் தண்ணீரில் கரைந்து நீலக் கறையாகிப்போயிருந்தது. பென்சில் ஒரு கோடு அழியவில்லை. சொல் இல்லாத பாட்டுகள், வரிசை வரிசையாக ஸ்வரம் மட்டும். ஒவ்வொன்றையும் பாடிப் பாடிப் பார்த்தேன். நான் படித்தவற்றுக்குச் சொல் தானாக வந்து விழுந்தது. நான் படிக்காதவற்றுக்கு, அவவிடம் படித்த மற்றவர்களைத் தேடினேன். ஒருத்தி மூதூரில், ஒருத்தி கொழும்பில். கனடாவில் இருந்தவள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் இருமி இருமிப் பாடிக் காட்டினாள். இரண்டு வருடம் போனது. ஒரு பதத்தின் கடைசிச் சரணம் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போதும் ஸ்வரமாகத்தான் பாடுகிறேன்.

கொப்பியே இல்லாதவர்களும் இருந்தார்கள். தம்பலகாமத்து வயலில் பாடியவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் கவி சொன்ன உம்மாமார், செத்த வீட்டில் ஒப்பாரி வைத்த ஆச்சிமார். எட்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் அவர்களுக்கு வைத்துவிடுங்கள். பிள்ளையின் அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒரு தாலாட்டின் இரண்டு வரி போதும், அவளே பாடட்டும்.

அப்புறம் பேச்சின் ஒழுங்கு. நாகரத்னம்மாள் மூன்று நிமிடம், பாலாவும் ருக்மிணி தேவியும் இரண்டரை, எங்கள் ஊருக்கு ஒன்றரை, மிச்சம் தாலாட்டுக்கு. மற்றப் பெயர்களைப் போகிற போக்கில் சொன்னால் போதும். நடுவில் ‘பேகனே பாரோ’ பல்லவியைப் பாடினால் பேச்சு எடுபடும், அவளுக்குக் குரல் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்புங்கள், சுருதிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வரட்டும். பேனை வேண்டாம்.